கேக்காம அறுத்த எலும்பு

மலையில இருந்து எறங்கி வாற ஆறு, ஊருக்குள்ள வர மனசில்லாம ஒரு திருப்பம் திரும்பும் பாருங்க, அந்தத் திருப்பத்துல ஒரு காலத்துல ஒரு ஊரு இருந்துச்சு. அந்த ஊர்ல ஒரு புருசனும் பொண்டாட்டியும் இருந்தாங்க. புருசன் பேரு சொரிமுத்து, பொண்டாட்டி பேரு உலகம்மா. பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு அவரு, அவருக்கு அவ, ரெண்டு பேருக்கும் சேத்து எலும்பும் கொம்பும்.

என்ன எலும்புன்னு முழிக்காதீங்க. அவங்க தொழிலே அதுதான். மிளா இருக்குல்ல, பெரிய மானு, அது வருசத்துக்கு ஒரு தடவை தன் கொம்பைத் தானே உதுத்துப் போட்டுரும். மரம் இலையை உதுக்கிற மாதிரி. சொரிமுத்து மலையில ஏறி, உதுந்த கொம்பாப் பொறுக்கி, கட்டாக் கட்டித் தோள்ல போட்டுக் கொண்டாருவாரு. செத்த மாட்டோட கால் எலும்பையும் கொண்டாருவாரு. உசுரோட இருக்கிறது மேல கை வைக்க மாட்டாரு. உலகம்மா எலும்பைச் சாம்பத் தண்ணியில வேகவச்சுக் கொழுப்பெடுத்து, நெழல்ல காயவைப்பா. கொம்பைப் புளிச்ச மோருல ஊறப்போட்டு இளக வைப்பா. அப்புறம் ரம்பத்தால அறுத்து, அரத்தால ராவி, சொரசொரன்னு இருக்கும்லா பிராய் இலை, அதைப் போட்டுத் தேச்சுத் தேச்சு, மொகம் தெரியிற மாதிரி பளபளப்பாக்கிருவா. சீப்பு, பேன் ஈரு எடுக்கிற ஈருகோலி, கத்திப் பிடி, தாயக்கட்டை, எல்லாம் அந்தக் கையில இருந்துதான் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போகும்.

அந்தத் தொழிலுக்கு ஒரு மொறை இருந்துச்சு. இதை நல்லாக் கேட்டுக்கிடுங்க, கதையே இதுல தான் கெடக்கு. எந்த எலும்பு கைக்கு வந்தாலும், ரம்பம் வைக்கிறதுக்கு முன்னால, அதை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே மூணு தடவை கேக்கணும்: "நீ யாரு? நீ யாரு? நீ யாரு?" எலும்பு வாய் தொறந்து பேசாது. ஆனா கேட்டுக்கிட்டே உருட்டுறப்போ கனம் சொல்லும், வளைவு சொல்லும், ஓரம் சொல்லும். இது மாடு, இது மானு, இது ஆடுன்னு கை கண்டுக்கிடும். கண்டுக்கிட்ட பெறகு, "உம் மேல கத்தி வைக்கேன், என்னை வையாதே"ன்னு சொல்லி, முதல்ல சீவுன தூளை ஒரு பிடி கம்பு தானியத்தோட மண்ணுல போட்டு மூடிட்டுத்தான் வேலையைத் தொடங்கணும்.

இன்னொரு மொறையும் உண்டு. புதுத் தாயக்கட்டையைச் செஞ்சவ உருட்டிப் பாக்கக் கூடாது, வாங்குனவனும் வீட்டுல உருட்டிப் பாக்கக் கூடாது. கட்டம் போட்டு, எதிராளியை உக்கார வச்சு, களத்துல தான் முதல் உருட்டு. அதுக்கு முன்னாடி உருட்டுனா கட்டைக்குக் கூச்சம் தெளிஞ்சு, சத்தும் போயிரும்பாங்க. அப்போ எப்படிச் சரிபாப்பாங்கன்னா, விரல் நுனியில நிறுத்தி எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்து, கனமான பக்கத்தை உள்ளுக்குள்ள சுரண்டிச் சமம் பண்ணிருவாங்க.

சொரிமுத்துகிட்ட ஒரு கோளாறு. அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வராது. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது, இவருக்குப் பொய் வராது. நாட்டாமை பொண்டாட்டி புதுச் சீப்பு வாங்கித் தலையில சொருகிக்கிட்டு, "எப்படி இருக்கு சொரிமுத்து?"ன்னு கேட்டா. "சீப்பு நல்லாருக்கு தாயி. தலையில தான் சீவ ஒண்ணும் இல்ல"ன்னுட்டாரு. கோயில் பூசாரி பொங்கல் குடுத்துட்டு, "எப்படி வே இருக்கு?"ன்னாரு. "உப்பும் இல்ல, நெய்யும் இல்ல. சாமி பொறுமைசாலி"ன்னுட்டாரு. ஒரு நாள் உலகம்மாவே கேட்டா, "இந்தாரும், வெயில்ல நின்னு நின்னு நான் கருத்துட்டேனா?" அவரு நல்லா உத்துப் பாத்துட்டு, "கருத்துட்ட புள்ள. கருத்தும் நல்லாத்தான் இருக்க"ன்னாரு. அவ மொறைச்சுக்கிட்டே அடுப்பங்கரைக்குப் போயி, அங்க நின்னு சிரிச்சா.

கல்யாணம் ஆன புதுசுல, பாறை இடுக்குல கெடந்த கொம்பை இழுக்கப் போயி, சொரிமுத்து உருண்டு விழுந்து முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு போச்சு. ஆத்துல வெள்ளம், வைத்தியன் அக்கரையில. உலகம்மா தானே காலை இழுத்துச் சேத்து, மூங்கிப் பத்தை வச்சு, முட்டையும் உளுந்து மாவும் கொழச்சுப் பூசிக் கட்டிவிட்டா. எலும்பு சேந்துச்சு. சேந்த எடத்துல மட்டும் ஒரு பக்கமா நெல்லிக்காக் கணக்கா ஒரு முடிச்சு நின்னுக்கிட்டுச்சு, கல்லு மாதிரி. குளுரு காலத்துல அது வலிக்கும். உலகம்மா வெளக்கெண்ணெய் காய்ச்சி, கட்டைவிரலால அந்த முடிச்சைச் சுத்திச் சுத்தித் தேச்சுவிடுவா. எத்தனை வருசம்! அவ கட்டைவிரலுக்கு அந்த முடிச்சை அவ மொகத்தை விடத் தெரியும்.

இப்படி இருக்கையில, அந்த நாட்டு ராசா ஒரு சூதாட்டப் பைத்தியம். வடக்கு ராசாகூடத் தாயம் ஆடி யானையைத் தோத்தான், அப்புறம் ஆடிக் குதிரையைத் தோத்தான், அப்புறம் ஆடி ஆத்துப் பாசன நெலத்தையெல்லாம் தோத்தான். அப்பவும் கை அரிப்பு நிக்கலை. ஒரு மந்திரவாதியை அரண்மனையிலயே வச்சுச் சோறு போட்டான். அந்த மந்திரவாதி அவன் காதுல என்ன ஓதுனானோ, மறுநாள் ஊரெல்லாம் தண்டோரா. "பொய்யே சொல்லாத ஆளு இந்த நாட்டுல எவன் இருக்கானோ, அவனுக்கு மகராசா ஒரு கறவை மாடு பரிசு தாராரு! டம் டம் டம்!"

ஊரே சிரிச்சுக்கிட்டு ஒரே வீட்டைக் கையைக் காட்டுச்சு.

சொரிமுத்து சொன்னாரு, "நான் போகலை புள்ள. பொய் சொல்லாததுக்கு ஒரு பரிசா? தண்ணி குடிச்சேன்னு போயி நின்னா பரிசு குடுப்பாங்களா?"

உலகம்மாவுக்கு மாடு மேல ஆசை. பாலுக்கு இல்ல, மோருக்கு. கொம்பு ஊறப்போட மோரு வேணும், அதுக்கு அவ செம்பைத் தூக்கிக்கிட்டு வாசல் வாசலா நிக்கணும். "எலும்புக்காரி வந்துட்டா, மோரைக் குடிக்கவா கேக்கா, கொம்பைக் குளிப்பாட்டக் கேக்கா"ன்னு ஊர்ப் பொம்பளைங்க நக்கல் அடிப்பாங்க.

"நீரு ஒண்ணும் கேக்க வேண்டாம்"னா உலகம்மா. "அவங்க கூப்பிடுதாங்க. போனாத் தாராங்க. நான் எத்தனை வாசல்ல நிக்கேன்னு உமக்குத் தெரியுமா? ஒரு தடவை எனக்காகப் போயிட்டு வாருமே."

அவரு துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. "சரி. போயிட்டு வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துருவேன்"னாரு. காலை லேசா இழுத்து இழுத்து நடந்து, திருப்பத்துல மறைஞ்சாரு.

வெளக்கு வச்சா. வரலை. மறுநா வெளக்கு வச்சா, வரலை. அதுக்கு மறுநாளும் வச்சா, வரலை. பொய் சொல்லாத மனுசன் வாரேன்னு சொன்னா வந்துருக்கணும்லா? உலகம்மா வெளக்கை அமத்தி வச்சுட்டுக் கெளம்பிட்டா.

ஆத்தங்கரையில பரிசல்காரன் இருந்தான். "அண்ணே, எங்க வீட்டுக்காரரைப் பாத்தீரா? காலை இழுத்து நடப்பாரு, கையில மாடு பிடிச்சிருப்பாரு."

"போகையில பாத்தேன் தாயி. வரையில பாக்கலை."

காட்டுக்குள்ள தேன் எடுக்கிறவன் இருந்தான். "அண்ணே, எங்க வீட்டுக்காரரைப் பாத்தீரா? காலை இழுத்து நடப்பாரு, கையில மாடு பிடிச்சிருப்பாரு."

"போகையில பாத்தேன் தாயி. வரையில பாக்கலை."

கோட்டை வாசல்ல ஆடு மேய்க்கிறவன் இருந்தான். "அண்ணே, எங்க வீட்டுக்காரரைப் பாத்தீரா?"ன்னு மட்டும் கேட்டா.

"போகையில பாத்தேன் தாயி. உள்ள போனாரு. வரையில..." அவன் முடிக்கலை. ஆட்டைத் தட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டான்.

ராசா முன்னால போயி விழுந்தா. "மகராசா, எம் புருசன் எங்க?"

ராசா மீசையைத் தடவுனான். "யாரு, அந்தப் பொய் சொல்லாதவனா? வந்தான். நாலு கேள்வி கேட்டேன். நாலுக்கும் உள்ளதைச் சொன்னான். நான் தாயம் ஆடுறது சரியான்னு கேட்டேன், 'உங்களுக்கு ஆடத் தெரியலை மகராசா, விட்டுருங்க'ன்னான்! சிரிச்சுக்கிட்டே மாட்டைக் குடுத்தேன், பிடிச்சுக்கிட்டுக் காட்டு வழியாப் போனான். மாடு வந்துச்சா?"

"மாடும் வரலை, மனுசனும் வரலை மகராசா. உங்க ஆளுகளை விட்டுத் தேடச் சொல்லுங்க. உங்க காலைப் பிடிக்கேன்."

"தேடலாம், தேடலாம்"னான். "நீ கொம்பு வேலைக்காரிலா? எனக்கு ஒரு ஜோடித் தாயக்கட்டை வேணும். இந்த நாட்டுல உன்னை விட்டா அதைச் செய்ய ஆளில்ல. ஒட்டகக் கன்னு எலும்பு வந்துருக்கு, தூர தேசத்துல இருந்து. நீ கட்டையை முடி, மறுநாளே என் சேனை மொத்தமும் காட்டுக்குள்ள எறங்கும். உம் புருசனைத் தேடித் தாரேன்."

பக்கத்துல நின்ன மந்திரவாதி மொகம் வெளுத்துப் போயி, ராசா காதுல குனிஞ்சு என்னமோ சொன்னான். ராசா கெக்கெக்கேன்னு சிரிச்சான். "போடா பயந்தாங்கொள்ளி! எலும்புல என்ன பேரா எழுதி ஒட்டியிருக்கு?"ன்னான். உலகம்மா காதுலயும் அது விழுந்துச்சு. அவளுக்கு ஒண்ணும் புரியலை. அவளுக்குக் கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். தேடித் தாரேன்.

எலும்பு களவு போயிரும்னு, ஒவ்வொண்ணாத்தான் குடுத்தான் ராசா. ஒண்ணை முடிச்சா அடுத்தது. ஒரு சேவகன் பட்டுத்துணியில சுத்தி முதல் எலும்பை அவ வீட்டுக்குக் கொண்டாந்தான். ரெண்டு முனையும் அறுத்துப் போட்டிருந்துச்சு, வெறும் தண்டு மட்டும். அவன் வாசல் புளியமரத்தடியில உக்காந்து காவல் காத்தான், அவ வேலையைத் தொடங்குனா.

கேக்கணும்ல? நீ யாருன்னு மூணு தடவை கேக்கணும்ல?

கேக்கலை. அவசரம். இதை முடிச்சாச் சேனை காட்டுக்குப் போகும். அது போக, பேரைத்தான் ராசாவே சொல்லிட்டாரே, ஒட்டகம்னு. ஒட்டகத்தை அவ கண்டாளா? கண்டதில்ல. அதோட எலும்பு எப்படி இருக்கும்னு தெரியுமா? தெரியாது. குடுத்தவன் சொன்ன பேரை எடுத்துக்கிட்டு, எலும்புகிட்டக் கேக்க வேண்டியதை விட்டுட்டா. சாம்பத் தண்ணியில வேகவச்சா. காயவச்சா. நல்லாக் காஞ்சிருக்கான்னு நாக்கு நுனியால தொட்டுப் பாத்தா, அப்படித்தான் பாப்பாங்க. கொழுப்பு இருந்தா நாக்கு வழுக்கும், காஞ்சிருந்தா எலும்பு நாக்கைக் கவ்விக்கிடும். இது கவ்விக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு. "ச்சீ, விடு, என்ன பாசம்"னு அதை வைஞ்சுக்கிட்டே பிடுங்குனா.

அறுத்தா, ராவுனா, பிராய் இலை போட்டுத் தேச்சா. தேய்க்கையில அதுகூடப் பேசிக்கிட்டே இருந்தா. "சீக்கிரம் மினுங்கு சாமி. நீ மினுங்குனாத்தான் அவரு வருவாரு. உன்னாலதான் அவரு வரணும்." நாலு பக்கமும் சீராக்கி, ஒரு பக்கம் வெறுமையா விட்டு, மத்த பக்கத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு புள்ளி குடைஞ்சு மை ஏத்துனா. அவ கையில அதுவரைக்கும் அப்படி ஒரு கட்டை வந்ததில்ல. சந்தனம் மாதிரி ஒரு நெறம்.

சேவகன் அதை வாங்கிக்கிட்டுப் போயி, அடுத்ததைக் கொண்டாந்து குடுத்தப்போ, வெளக்கு வைக்கிற நேரம். உலகம்மா வெளக்கை ஏத்தி வச்சுட்டு, பட்டுத்துணியைப் பிரிச்சு, எலும்பைக் கையில எடுத்து ஒரு உருட்டு உருட்டுனா.

கட்டைவிரலு நின்னுபோச்சு.

ஒரு முடிச்சு. ஒரு பக்கமா. நெல்லிக்காக் கணக்கா.

இப்பக் கேட்டா. "நீ யாரு?" மாடு இல்ல, மாட்டுக்கு இத்தனை லேசு கெடையாது. "நீ யாரு?" மானு இல்ல, மானுக்கு இந்த ஓரம் வராது. மூணாவது தடவை கேக்க அவளுக்கு வாய் வரலை. கட்டைவிரலு தன்னால அந்த முடிச்சைச் சுத்திச் சுத்தித் தேய்க்குது, எண்ணெய் போட்டுத் தேய்ச்ச மாதிரி. எலும்பு வாய் தொறக்கலை. தொறக்க என்ன இருக்கு?

வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துருவேன்னு சொன்னாரு. வந்துட்டாரு. அந்த மனுசன் பொய் சொல்லலை.

கத்த முடியுமா? வாசல்ல சேவகன். சேலையைச் சுருட்டி வாயில திணிச்சுக்கிட்டா. வேகவச்சது ஞாவகம் வருது, அறுத்தது ஞாவகம் வருது, நாக்கால தொட்டது ஞாவகம் வருது. விடமாட்டேன்னு கவ்விக்கிட்டுச்சே. சீன்னு வைஞ்சேனே. மாடு வேணும்னு நான்தானே அனுப்புனேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ யாருன்னு கேட்டிருந்தா, நல்ல கால் எலும்பாவது முழுசா மண்ணுக்குப் போயிருக்குமே. அவ மண்டையை மண்சுவத்துல முட்டுனா. சுவருதான் உதுந்துச்சு.

யாருகிட்டப் போயிச் சொல்லுவா? களவு போனா ராசாகிட்டச் சொல்லலாம். அடிதடின்னா ராசாகிட்டச் சொல்லலாம். கொலை விழுந்தா ராசாகிட்டச் சொல்லலாம். ராசாவே செஞ்சா? அன்னைக்குச் சிரிச்சானே, எலும்புல பேரா எழுதியிருக்குன்னு, அதோட அர்த்தம் இப்பப் புரிஞ்சுச்சு. தண்டோரா எதுக்குன்னும் புரிஞ்சுச்சு. பொய் சொல்லாதவன் எலும்புல கட்டை செஞ்சா கேட்டது விழும்னு அந்த மந்திரவாதி ஓதியிருக்கான். ஒரு விளையாட்டுக்கு. ஒரு விளையாட்டுக்கு எம் மனுசனை.

தூக்கு மாட்டிக்கிடலாமான்னு உத்திரத்தைப் பாத்தா. அப்பவும் எலும்பு கையிலதான் இருக்கு. உத்திரத்தைப் பாப்பா, எலும்பைப் பாப்பா. கடைசில எலும்பைத்தான் பாத்தா. "நான் போயிட்டா உம்மை வேற எவனோ ராவுவானே"ன்னா.

அவ எந்திரிச்சா. ஒரு பிடி கம்பு எடுத்தா. முதல் தூளைச் சீவி, கம்போட சேத்து மண்ணுல போட்டு மூடுனா. "உம்ம மேல கத்தி வைக்கேன். என்னை வையாதேயும்"னா. "நான் ஒண்ணும் சேக்கலை, ஒண்ணும் கழிக்கலை. நீரு எப்படி இருந்தீரோ அப்படியே சபைக்குப் போயி உள்ளதைச் சொல்லும்."

அந்த முடிச்சு ஒரு பக்கம் கல்லு கணக்கா கனக்கும்ல? நியாயமா அதை உள்ளுக்குள்ள சுரண்டிச் சமம் பண்ணணும். பண்ணலை. வெளிப்பக்கம் மட்டும் முதல் கட்டையோட அச்சுல சீராக்கிட்டு, கனத்தை உள்ள அப்படியே விட்டுட்டா. கனமான பக்கம் அடியில போனா மேல எது வருமோ, அந்தப் பக்கத்துல மூணு புள்ளி வச்சா. கண்ணுல இருந்து விழுந்த தண்ணியிலயே அதைத் தேச்சு மினுக்கிட்டா.

அவளே அரண்மனைக்குக் கொண்டுபோயிக் குடுத்த கட்டையைப் பாத்ததும் ராசாவுக்குத் தலைகால் புரியலை. அவன் எடுத்து உருட்டப் போனான். உலகம்மா சொன்னா, "மகராசா, களத்துல தான் முதல் உருட்டு. மொறை மாறுனாக் கட்டைக்குச் சத்து போயிரும்." மந்திரவாதியும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டுனான். "சேனையை எப்போ அனுப்புவீங்க?"ன்னு கேட்டா. "ஆட்டம் முடியட்டும்"னான் ராசா. அவ சபை ஓரத்துல ஒரு தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

வடக்கு ராசா வந்தாரு. தொந்தியும் வெத்தலைப் பெட்டியுமா ஒரு வயசாளி. தன் பழைய பித்தளைக் கட்டையே போதும்னுட்டாரு. "என்ன பந்தயம் தம்பி? உங்கிட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

"கோட்டை."

"சரி."

"கிரீடம்."

"அதையும் வை."

"என் காலடி மண்ணு வரைக்கும் வைக்கேன்! நான் செயிச்சா உம்ம நாடு மொத்தமும் எனக்கு."

வடக்கு ராசா வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு, "வேண்டாம்டா தம்பி"ன்னாரு. இவன் கேக்கலை. சபையறியக் கைகுடுத்தான்.

தாயம் ஆட உங்களுக்குத்தான் தெரியுமே. ஒரு கட்டை வெறுமை, ஒரு கட்டை ஒண்ணு, அப்படி விழுந்தாத்தான் தாயம். தாயம் விழாம ஒரு காயைக் கூடக் கட்டத்துல எறக்க முடியாது. ராசா ரெண்டு கட்டையையும் உள்ளங்கையில உரசி, "தாயம்!"னு கத்தி உருட்டுனான். ஒரு கட்டை எப்படியோ விழுந்துச்சு. ஒரு கட்டை மூணு.

வடக்கு ராசாவுக்குத் தாயம் விழுந்துச்சு. காயை எறக்குனாரு.

"தாயம்!" ஒரு கட்டை எப்படியோ விழுந்துச்சு. ஒரு கட்டை மூணு.

வடக்கு ராசா காய் பாதி கட்டம் தாண்டிருச்சு.

"தாயம்! தாயம்டா!" மூணு. லேசாப் போட்டான், மூணு. ஓங்கிப் போட்டான், மூணு. கண்ணை மூடிக் கும்பிட்டுப் போட்டான், மூணு. கையில எடுத்த காயை எறக்க வழியில்லாம உக்காந்திருக்கான், வேர்த்து வடியுது. வடக்கு ராசா ஒவ்வொரு காயாப் பழம் பண்ணி வெளிய எடுத்துட்டு, வெத்தலையைத் துப்பிட்டு, "முடிஞ்சுச்சு"ன்னாரு.

ராசா எந்திரிச்சு உலகம்மாவைப் பாத்துப் பாஞ்சான். "ஏட்டி! கட்டையில என்ன சூது செஞ்ச?"

உலகம்மா தூணை விட்டா. குரலை ஒசத்தக்கூட இல்ல. "ஒரு சூதும் செய்யலை மகராசா. அவரு கால் எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டேன்."

வடக்கு ராசா கேட்டாரு, "யாரு கால் தாயி?"

"பொய் சொல்லாதவரு கால். எம் புருசன் கால். பாறையில விழுந்து ஒடைஞ்சு, நான் கட்டிச் சேத்த கால். எலும்புல பேரா எழுதியிருக்குன்னு சிரிச்சாரு இந்த ராசா. எழுதித்தான் இருந்துச்சு. எங் கையால நானே எழுதுனது."

வடக்கு ராசா தன் பித்தளைக் கட்டையைக் கீழ வச்சவருதான், அப்புறம் தன் ஆயுசுல தொடலை. மந்திரவாதி ஓடப் பாத்தான், பிடிச்சுக்கிட்டாங்க. மிச்ச எலும்பு எங்கேன்னு கேட்டதுக்கு, சதையைத் தின்னு சுத்தம் பண்ணட்டும்னு எறும்புப் புத்துல போட்டேன்னான். நீயே எடுடான்னு கொண்டுபோனாங்க. கையை விட்டு ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தான். கடைசி எலும்பை எடுக்கையில, எறும்பு காலி பண்ணிட்டுப் போன புத்துல வந்து குடியேறியிருந்த நாகம் ஒரு போடு போட்டுச்சு. அவன் கதை அங்கயே சரி.

ராசாவை யாரும் அடிக்கலை, கொல்லலை. "காலடி மண்ணும் எனக்குன்னு நீதானே வச்ச"ன்னாரு வடக்கு ராசா. "அப்போ உனக்குக் கால் வைக்க இந்த நாட்டுல எடம் கெடையாது. நட." அவன் நடந்தான். திண்டுல உக்காரப் போனா, "இது உன் மண்ணு இல்ல, காலை எடு." கெணத்தடியில நின்னா, "காலை எடு." சாவடியில சாஞ்சா, "காலை எடு." சின்னப் பிள்ளைங்க கூடச் சொல்லிச்சுங்க. நடந்து நடந்து உள்ளங்கால் தோலு கிழிஞ்சு, ரெண்டு காலையும் இழுத்து இழுத்து, கடைசில ஆத்து நடுமணல்ல விழுந்தான். அது யாரு மண்ணும் இல்லாத எடம். அவன் எலும்பு அங்க வெயில்ல வெளுத்துக் கெடந்துச்சு. நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கலை.

உலகம்மா எலும்பையெல்லாம் சேலையில கட்டிக்கிட்டு வந்து, ரெண்டு கட்டையையும் கால் இருக்கிற எடத்துல வச்சு, வீட்டுக்குப் பின்னாடி அடக்கம் பண்ணுனா. வடக்கு ராசா அவளுக்கு ஒரு மாடு அனுப்பி வச்சாரு. நல்ல கறவை. செம்பு செம்பாப் பால், பானை பானையா மோரு. ஊர்ப் பொம்பளைங்களே இப்போ செம்பைத் தூக்கிக்கிட்டு அவ வாசல்ல வந்து நிப்பாங்க. ஒருத்தரும் நக்கல் அடிக்கலை. அவ ஊத்திவிடுவா.

மோரு நெறைய இருந்துச்சு. மலையில மிளா கொம்பை உதுத்துப் போட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. கொண்டாறதுக்குத்தான் ஆள் இல்ல. ஒவ்வொரு நாளும் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு அவ வாசலுக்கு வந்து திருப்பத்தைப் பாப்பா. கட்டைவிரலு சும்மா இருக்காது, காத்துல சுத்திச் சுத்தித் தேச்சுக்கிட்டே இருக்கும்.

அவ பட்டது அவளோட, நாம கேட்டது நம்மளோட. கையில ஒண்ணு வந்துச்சுன்னா, குடுத்தவன் சொன்ன பேரை நம்பிக்கிட்டு வெட்டிராதீங்க. நீ யாருன்னு அதுகிட்டயே கேளுங்க, மூணு தடவை கேளுங்க. கதை காஞ்சுச்சு, எலும்பு மண்ணுக்குப் போச்சு, நீங்க போர்வைக்குள்ள போங்க.